கோயில் வாசலுக்கு வெளியே நம் விசுவாசம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி முத்தியால்பேட்டையில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வாடகை அறையில், ஒரு கரும்பலகையையும் நான்கு பாய்களையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தத் தொடங்கிய கழகம் இது. அன்று பாயில் அமர்ந்து வாய்ப்பாடு படித்தவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் காணும்போது என் உள்ளம் பூரிக்கின்றது. கழகத்தைத் தோற்றுவித்துக் கண்மூடிய பெரியோர்களுக்கு முதற்கண் என் அஞ்சலியைச் செலுத்துகின்றேன்.

அன்றாடப் பங்கு வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசத்தை எவ்வாறு வாழ்ந்து காட்டுவது என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் குருவானவன் அல்லன். வேத சாஸ்திரம் கற்றவனும் அல்லன். அரசுப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஓர் ஆசிரியன். ஆகவே பிரசங்கம் செய்ய எனக்குத் தகுதியில்லை. நான் கண்டதையும் படித்ததையும் கேட்டதையும் உங்கள் முன் வைக்கின்றேன். ஆராய்ந்து கொள்வது உங்கள் பொறுப்பு.

சில மாதங்களுக்கு முன்பு என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். பொறியியல் படித்தவன். பேச்சின் இடையே, "ஐயா, ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் வருகிறீர்களே, அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை, வருத்தம் இருந்தது. நான் உடனே விடை கூறவில்லை. பள்ளிக்கூடத்தில் மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறி, வீட்டிற்குச் சென்று புத்தகத்தைப் புரட்டுவது நல்லாசிரியனுக்கு அழகு. நானும் அவ்வாறே செய்தேன். இன்றைய என் உரை அவனுக்கு நான் கூறவேண்டிய விடை என்றே கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து தெற்கே நடந்தால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சம்பாக் கோயிலை அடைந்துவிடலாம். இன்று நாம் காணும் கோயில் 1791ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அங்கே இயேசு சபையாரின் அர்ச். சின்னப்பர் கோயில் இருந்தது. நம் கதை அந்தக் காலத்தில் தொடங்குகின்றது.

1703ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாப்பரசரின் தூதராகச் சார்ல்ஸ் தொமாஸ் தெ தூர்னோன் என்பவர் புதுச்சேரிக்கு வந்திறங்கினார். சீன நாட்டிற்குச் செல்லும் வழியில் தங்கியவர், இங்குள்ள கிறிஸ்தவர்களின் நிலையை எட்டு மாதங்கள் விசாரித்தார். 1704ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையில் பல விதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் நமக்குப் போதும். அந்நாளில் பறையர் எனப்பட்ட நம் மக்களின் வீடுகளுக்குள் சில குருக்கள் நுழைவதில்லை. வீட்டில் ஒருவர் உயிர் பிரியும் நிலையில் கிடந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ வேறோர் இடத்திற்கோ கொண்டுவந்து சேர்த்தால்தான் அவஸ்தைப்பூசுதல் கிடைக்கும். குரு நம் வாசற்படியை மிதித்தால் மற்றச் சாதியார் அவரை ஏற்கமாட்டார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். பாப்பரசரின் தூதரோ, நோயாளி எந்தச் சாதியினராயினும் குருவானவர் அவர் வீட்டிற்கே சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்கவேண்டும் என்று கட்டளையிட்டார்.

இளைஞர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு நம் புதுச்சேரியில் எழுந்த பெருங்கேள்வி என்ன? நம் குடிசைக்குள், பாயில் படுத்திருக்கும் நம் பாட்டனின் அருகில், குருவானவர் குனிந்து அமர்வாரா என்பதுதான். நாற்பது ஆண்டுக்கால வாதப் பிரதிவாதங்களுக்குப் பின்னர் 1744ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்த ஆணையைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். அப்பொழுதும் நடந்தது என்ன? நம் மக்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிக்கும் ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. குரு வீட்டிற்குள் வந்தார். ஆனால் அவர் நமக்கு மட்டுமே உரிய குருவாக வந்தார். ஆணை நிறைவேறியது, பிரிவினை உயிரோடு இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்ததைப் பின்னாளில் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் நம் மக்கள். மறுபுறம் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் கலப்பினத்தாரும். 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நம் முன்னோர் ஒன்றுகூடிப் பெரிய குருவிடம் சென்று, தங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு என்று கேட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. அதனால் மற்றவர்களிடையே பெருஞ்சலசலப்பு எழுந்தது. அந்த முன்னோர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நாட்குறிப்பு எழுதும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. எனினும் எழுத்தறியாத அந்த மக்கள், வாளெடுக்காமல், ஊரை விட்டு ஓடாமல், நேரே சென்று நியாயம் கேட்டார்கள். நம் சமுதாயத்தின் முதற்பாடமாக இதனை நான் கருதுகின்றேன்.

ஆனால் சுவர் விழுந்ததோடு சாதி விழுந்துவிடவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் போன பிறகும் கோடு நின்றது. கோயிலில் இருக்கும் இடம் வேறு, நற்கருணை வாங்கும் வரிசை வேறு, கல்லறைத் தோட்டம் வேறு என்ற வழக்கம் தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் நீடித்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலையே இரண்டு கால்களை உடைய காற்சட்டையைப் போல இரு பிரிவாகக் கட்டினர். அங்கிருந்த தடுப்பு 1910ஆம் ஆண்டுதான் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றவர்களும் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களைப் பிரெஞ்சுக் குடியரசு இம்மண்ணிற்குக் கொண்டுவந்தது. 1881ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நம்மவர் பலர் தம் பழைய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து புதிய குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டனர். பெயர் புதிதாயிற்று, ஊரார் நினைவில் பழைய தெருவின் பெயர் அழியவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நம் புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் நடந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனிப் பங்கு வேண்டும், இறந்தோரை எடுத்துச் செல்ல ஒரே பாதை வேண்டும் என்று நம் மக்கள் கேட்டனர். கலவரம் மூண்டது. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்த இருவரும் நம்மவர் அல்லர். நம் கோரிக்கையை எதிர்த்த வன்னிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். எனினும் அவர்களும் நாம் பெற்ற ஞானஸ்நானத்தையே பெற்றவர்கள். நாம் சொல்லும் செபமாலையையே சொன்னவர்கள். ஒரே அன்னையின் பிள்ளைகள், பிணம் போகும் பாதைக்காகப் பிணமாக வேண்டியிருந்தது. இதனை நான் வெற்றியாகவும் கூறவில்லை, தோல்வியாகவும் கூறவில்லை. பங்கு முழுவதற்கும் நேர்ந்த அவமானமாகக் கூறுகின்றேன்.

இந்நிலையில் திருச்சபை என்ன போதிக்கின்றது? போதனையில் குறையில்லை. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவன் சபைக்குள் வந்தால் நல்ல இடம் கொடுத்து, அழுக்குத் துணி அணிந்த ஏழையை நிற்க வைக்கிறவர்களைக் கடிந்து பேசுகின்றார். கோயிலில் யார் எங்கே உட்காருவது என்ற பிரச்சினை வேதாகமத்திலேயே இருக்கின்றது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை இருத்தலாகாது என்று வெளிப்படையாகக் கூறினார். 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கை ஆவணத்தையே வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து கர்தினாலான முதல் இந்தியர் அவரே.

ஆணை 1704இல் வந்தது. கொள்கை ஆவணம் 2016இல் வந்தது. இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உரோமையிலிருந்தும் தில்லியிலிருந்தும் வரும் காகிதம் நம் தெருவின் முனை வரை வந்து அங்கேயே நின்றுவிடுகின்றது என்பது இதனால் விளங்கவில்லையா? அந்தக் காகிதத்தைத் தெருவிற்குள் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் பங்கு மக்களாகிய நாமே. விசுவாசம் பீடத்தின் முன் அறிக்கையிடப்படுகின்றது. அது மெய்யா பொய்யா என்பது நோயாளியின் படுக்கையிலும், பந்தியிலும், கல்லறைக்குப் போகும் வழியிலும், பங்குப் பேரவையின் மேசையிலும் சோதிக்கப்படுகின்றது. இந்த நான்கு இடங்களைப் பற்றியே நான் பேச விரும்புகின்றேன்.

முதலாவது, நோயாளியின் படுக்கை. தூர்னோனின் ஆணை குருக்களுக்கு இடப்பட்டது. இன்று அதனை நாம் நமக்கு இட்டுக்கொள்ள வேண்டும். இன்று குருவானவர் நம் வீட்டிற்கு வருகின்றார். நாம் யார் வீட்டிற்குப் போகின்றோம்? அன்பியக் கூட்டம் நம் தெருவில் மாதந்தோறும் நடைபெறுகின்றது. அக்கூட்டத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அந்த மாதம் நோயுற்றவர் யார், தனித்திருக்கும் முதியவர் யார், மகப்பேற்றுக்குச் சென்றவர் யார் என்று அதில் எழுதுங்கள். இரண்டிரண்டு பேராகச் சென்று பாருங்கள். வேற்றுச் சாதியார் வீடாயினும் செல்லுங்கள். வாசலில் நிறுத்திப் பேசி அனுப்புவார்களாயின், வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். வெட்கம் நிறுத்தியவருக்கே உரியது, சென்றவருக்கு இல்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகின்றேன். நம் தெருக்களை ஒட்டி வாழும் துப்புரவுப் பணியாளர் குடும்பங்களின் வீட்டில் நம்மில் எத்தனை பேர் காப்பி குடித்திருக்கின்றோம்? மேலே இருப்பவன் நம்மைத் தள்ளும்போது வேதாகமத்தை எடுத்து நீட்டுகின்றோம். நமக்குக் கீழே என்று நாமே கற்பித்துக்கொண்ட ஒருவன் வீட்டு வாசலில் அந்த வேதாகமத்தை மூடி வைத்துவிடுகின்றோம். அடிபட்டவனுக்கே அடியின் வலி தெரியும் என்பார்கள். தெரிந்திருந்தும் அடிப்பவனுக்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது, பந்தி. அந்தியோக்கியாவில் இராயப்பர் புறவினத்தாரோடு உட்கார்ந்து உணவருந்தி வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அதனைக் கண்ட சின்னப்பர் அவரை முகத்திற்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபம் கூறுகின்றது. திருச்சபையின் தலைமை அப்போஸ்தலரே பந்தி விஷயத்தில் தடுமாறினார் என்றால், சாதாரண மக்களாகிய நம் அண்டை வீட்டார் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் கண்டித்துப் பேச ஒரு சின்னப்பர் வேண்டும். திருநாளில் கோயில் வளாகத்தில் அன்பின் விருந்து வைக்கின்றார்கள். சிலர் பார்சல் கட்டிக்கொண்டு வீட்டிற்குச் செல்வதை நான் பார்த்திருக்கின்றேன். சமைத்தவர் யார், பரிமாறுபவர் யார் என்று விசாரித்துவிட்டுச் செல்வதையும் பார்த்திருக்கின்றேன். என் பள்ளியில் பிள்ளைகள் மதிய உணவிற்கு வரிசையாக உட்காருகின்றனர். எந்தத் தட்டு எந்தச் சாதி என்று அவர்கள் கேட்பதில்லை. நற்கருணை உட்கொள்ளாத குழந்தைகள் செய்வதை, நற்கருணை உட்கொண்டு வரும் நாம் செய்ய முடியாதா?

மூன்றாவது, கல்லறைக்குப் போகும் வழி. இதைப் பேசும்போது என் சொந்த நினைவு ஒன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது கிராமத்தில் என் பாட்டனார் இறந்தார். கார்த்திகை மாதம், அடைமழை. சவப்பெட்டியைத் தாங்கிச் செல்லும் கோயில் தூம்பா எங்கள் தெருவிற்கு வராது. பெரிய தெரு வழியாகப் பிணம் போகவும் கூடாது. ஆகவே மூங்கிலில் பாடை கட்டி, வயல் வரப்பின் மேல் தூக்கிச் சென்றனர். நடுவழியில் ஒருவர் கால் சறுக்கப் பாடை சரிந்தது. பாட்டனாரின் வெள்ளை வேட்டி சேறாயிற்று. உபதேசியார் ஒருவர் மட்டுமே நனைந்தபடி செபம் சொல்லி உடன் வந்தார். வீடு திரும்பியதும் என் பாட்டி யாரையும் ஏசவில்லை. "சேத்துல பொறந்தாரு, சேத்துலயே போயிட்டாரு" என்று மட்டும் கூறினார். அன்று மாலையும் அவர் செபமாலை சொன்னார். எங்கள் குடும்பத்திற்கு விசுவாசத்தைக் கற்பித்தவர் அவரே. அவரைப் போல் நான் பொறுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்று அன்று எண்ணினேன். அவரைப் போல் செபமாலை சொல்ல வேண்டும் என்றும் எண்ணினேன். இந்த இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் கோயிலுக்குப் போய் வருகின்றேன்.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறுகின்றேன். 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் வசதி படைத்த முதியவர் ஒருவர் இறந்துபோனார். நம்மவரைத் தம் வீட்டுத் திண்ணையில் ஏற்றாதவர். நோய்க்கு அஞ்சி அவர் உறவினர் எவரும் அருகில் வரவில்லை. நம் இளைஞர்கள் நால்வர் பாதுகாப்பு உடை அணிந்து பெட்டியைச் சுமந்து சென்று குழியில் இறக்கினர். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அந்த முதியவரின் மகன் அந்த நால்வரில் ஒருவனுடைய வீட்டிற்கு வந்தார். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஊர் தலைகீழாக மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாசற்படி கடக்கப்பட்டது. அந்த இளைஞர்கள் கணக்குப் பார்த்துச் சுமக்கவில்லை. ஆயினும் அவர்கள் சுமந்து சென்றது பெட்டியை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகின்றது.

ஆகவே இளைஞர்களே, பங்கில் யார் இறந்தாலும் அடக்கத்திற்குச் செல்லுங்கள். நம் வீட்டு அடக்கத்திற்கு ஒரே தூம்பா, ஒரே பாதை, ஒரே கல்லறைத் தோட்டம் கேளுங்கள். மறுக்கப்படுமாயின் கை ஓங்காதீர்கள், பேனாவை எடுங்கள். நடந்ததை நாள், நேரம், சாட்சிகளோடு எழுதிப் பங்குத் தந்தைக்கும் பேரவைக்கும், பயனில்லையெனில் பேராயருக்கும் அனுப்புங்கள். இந்திய அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது. அப்பிரிவு எந்த மதத்தாரின் வாசலோடும் நின்றுவிடுவதில்லை.

நான்காவது, பங்குப் பேரவையின் மேசை. தேர் இழுக்கவும் பந்தல் போடவும் கொடிமரம் நடவும் நம்மை அழைக்கின்றார்கள். நாமும் மகிழ்ச்சியோடு செல்கின்றோம். உழைப்பு உயர்ந்ததே. ஆனால் வாசகம் வாசிப்பவர் யார்? கணக்கு எழுதுபவர் யார்? திருநாள் குழுவின் பொருளாளர் யார்? பேரவையில் நமக்கு ஓர் இடம் கொடுத்தால், நாம் அங்கே போய் வாய் திறவாமல் அமர்ந்துவிட்டு வருகின்றோம் என்றும் ஒரு குறை உண்டு. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியாதவன் கணக்குக் கேட்க முடியாது. கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் தன் கருத்தை எழுதச் செய்யத் தெரியாதவனின் குரல், கூட்டம் கலைந்ததும் காற்றோடு போய்விடும். இங்கேதான் நம் கல்விக் கழகத்தின் பணி பங்கு வாழ்வோடு வந்து சேர்கின்றது. சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாளைய வாசகத்தைப் பிழையின்றி, நிறுத்தி, பொருளுணர்ந்து வாசிக்க நம் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் நான் பயிற்சி தருகின்றேன். கழகத்தின் இளம் கணக்கர்கள் இருவர் முன்வந்தால் கணக்கு எழுதவும் கற்பிக்கலாம். நன்றாக வாசிப்பவனை நெடுநாள் ஒதுக்கி வைப்பது எவருக்கும் எளிதன்று.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் சத்தமில்லாமல் உழைப்பவர்கள் நம் தாய்மார்கள். கோயிலில் சமத்துவம் கேட்கும் நாம், வீட்டில் மனைவியைக் கை நீட்டி அடிப்பதும், மகனுக்கு வரதட்சணை பேசுவதும், சம்பள நாளில் சாராயக் கடையில் பாதியை இழப்பதும் எந்த விசுவாசத்தில் சேரும்? பீடத்தின் முன் கேட்கும் நியாயத்தை அடுப்பங்கரையிலும் வழங்கினால்தான் நம் குரலுக்கு வலு உண்டாகும்.

இனி, இளைஞர்கள் பலர் மனத்தில் முள்ளாய்க் குத்தும் ஒரு செய்திக்கு வருகின்றேன். அதைப் பேசாமல் விட்டால் என் உரை நேர்மையானதாகாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே அட்டவணைச் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையும் அதே வழியில் சென்றது. இது குறித்து ஆராய 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நம் புதுவையிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே வேலைக்காக இந்து என்று கூறிக்கொள்வதை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் விளைவு நம் வீடுகளில் எப்படி இருக்கின்றது? பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறொரு பெயர். ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது அலுவலக நண்பர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சும் அச்சம். சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் தலைமையாசிரியனாகிய நான், அந்த அச்சத்தைப் பெற்றோர் முகத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பார்த்திருக்கின்றேன். பிள்ளையின் வயிற்றுக்காகத் தலைகுனியும் தாயைப் பார்த்து, உன் விசுவாசம் குறைவானது என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஊர், அவனைக் கிறிஸ்தவன் என்று விட்டுவிடவில்லை. பறையன் என்றே ஒதுக்குகின்றது. சட்டமோ, நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்கின்றது. இந்த இரண்டிற்கும் இடையே அகப்பட்டவனுக்குப் பங்கு என்ன செய்தது என்பதுதான் கேள்வி. சலுகைக்காகப் போராடுவது நம் உரிமை, அது தொடரட்டும். அதே வேளையில், நம் மறைமாவட்டத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் நம் பிள்ளைகளுக்கு இடமும் வேலையும் உதவித்தொகையும் கேட்பதும் நம் உரிமையே. அரசு மறுத்ததைத் தாயாகிய திருச்சபையும் மறுக்கலாகாது. இதனை மரியாதையோடு, விண்ணப்பமாக, ஆண்டுதோறும், சலிக்காமல் கேளுங்கள்.

இப்பொழுது என் மாணவனுக்கு வருகின்றேன். அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டானே, அவனுக்கு நான் கூறும் விடை இது. தம்பி, அங்கே உன் முன்னோர் கேட்டு இடித்த சுவரின் மண் இருக்கின்றது. சேற்றில் நடந்து வந்து செபம் சொன்ன உபதேசியாரின் குரல் இருக்கின்றது. தொழுநோயாளியைத் தொட்டவரும், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்டவரும், ஊருக்கு வெளியே கொண்டு சென்று கொல்லப்பட்டவருமான இயேசு அங்கே இருக்கின்றார். அவரை யாரும் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுத்துவிடவில்லை. விலகிச் சென்றவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அண்ணல் அம்பேத்கர், மதம் மாறிய பின்பும் கிறிஸ்தவர்களிடையே சாதி தொடர்வதைச் சுட்டிக்காட்டியவர். அவர் கூறியதில் நாம் மறுக்கத்தக்கது மிகக் குறைவு. ஆனால் இருப்பது என்று நாம் முடிவு செய்தால், விருந்தாளியைப் போல் கடைசி வரிசையில் ஒதுங்கி இருத்தலாகாது. வீட்டுக்காரனைப் போல் இருக்க வேண்டும். வீட்டுக்காரன்தான் கூரை ஒழுகினால் கேள்வி கேட்பான். அவனே ஏணி எடுத்து ஏறவும் செய்வான்.

அன்பர்களே, ஓர் ஆசிரியனுக்குத் தெரிந்த உவமையோடு முடித்துக்கொள்கின்றேன். காலையில் வகுப்பில் நான் பெயர் கூப்பிடுகின்றேன். பிள்ளை எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்கின்றது. ஞானஸ்நான நாளில் நம் பெயர் ஒருமுறை கூப்பிடப்பட்டது. அன்று நமக்காக ஞானப் பெற்றோர் விடை கூறினர். அதன் பின்னர் நம் பெயர் நாள்தோறும் கூப்பிடப்படுகின்றது. நோயாளியின் முனகலில் கூப்பிடப்படுகின்றது. பந்தியில் ஒதுக்கப்பட்டவனின் மௌனத்தில் கூப்பிடப்படுகின்றது. அடக்கத்திற்கு ஆளின்றித் தவிக்கும் வீட்டிலிருந்தும், நியாயம் பேச ஆளில்லாத பேரவையிலிருந்தும் கூப்பிடப்படுகின்றது. அப்பொழுதெல்லாம் நமக்காக வேறு யாரும் விடை கூறமாட்டார்கள். நாமே எழுந்து நின்று கூறவேண்டும்.

அந்த மன உறுதியை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக! நம் கழகம் பொன்விழா காணும்போது, இன்று கீழே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இம்மேடையில் நின்று, அந்தச் சுவர்களெல்லாம் எங்கே இருந்தன என்று தேடிப் பார்த்துச் சொல்லும் நிலை வரவேண்டும் என வாழ்த்துகின்றேன்.